வேதித் தொழிலில் ஆற்றல் சிக்கனம்: ஆய்வுக்கான பொதுப் பணம் எந்தக் கட்டத்தில், என்ன நிபந்தனையோடு போக வேண்டும்?

ரிஃப்ளக்ஸ் எழுதியது:

வணக்கம். வேதி ஆலைகளுக்கு வடிவமைப்பு செய்யும் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். குறைந்த ஆற்றலில் ரசாயனம் தயாரிக்கும் முறைகளை வளர்க்க ஒரு கூட்டு நிதி வருகிறது. அரசு பாதி, ஆலைகள் பாதி. அதற்கு ஆலோசனைக் குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பணத்தை ஆய்வகத்தில் போடுவதா, பைலட் பிளான்ட்டில் (சிறிய அளவுச் சோதனை ஆலையில்) போடுவதா, முதல் ஆலையிலேயே போடுவதா என்று இங்கே பேசிவிட்டு எழுதலாம் என்று வந்தேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைலட். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, அந்த ஆலையின் அழுக்கோடு சேர்த்துச் சோதிக்கும் பைலட்.

தொழில்துறையிலேயே அதிக ஆற்றலை விழுங்குவது வேதித் தொழில்தான். அதில் ஏறக்குறைய பாதி எரிவதில்லை, மூலப்பொருளாகப் பொருளுக்குள்ளேயே போய்விடுகிறது. மீதியில்தான் நாம் கை வைக்க முடியும். அந்த மீதியில் கலவையைப் பிரித்தெடுக்கும் வேலை எவ்வளவு தின்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. டேவிட் ஷோல், ரயன் லைவ்லி இருவரும் 2016-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: அமெரிக்கத் தொழில்துறை செலவழிக்கும் ஆற்றலில் சுமார் பாதி பிரித்தெடுப்பதற்கே போகிறது என்று.

ஒரு உதாரணம் போதும். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான புரோப்பிலீன் மைனஸ் 47.6 டிகிரியில் கொதிக்கும், புரோப்பேன் மைனஸ் 42.1-ல். வித்தியாசம் ஐந்தரை டிகிரி. இந்த ஐந்தரை டிகிரிக்காக நூறு தட்டுக்கு மேல் வைத்து, வானளாவ ஒரு வடிகோபுரம் கட்டுகிறோம். மேலே வரும் ஆவியைக் குளிர்வித்து, அதில் பத்துப் பங்குக்கு மேல் திரும்பக் கீழேயே விட்டு, ஒரு பங்கை மட்டும் வெளியே எடுக்கிறோம். கொதிக்க வைத்ததையே மறுபடி மறுபடி கொதிக்க வைக்கிறோம். ஒன்றை மட்டும் கடக்கவிடும் சவ்வு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் உறிஞ்சுபொருள் என்று மாற்று வழிகள் ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனையோ வருடமாக இருக்கின்றன. ஆலைக்குள் வரவில்லை. இடையில் உள்ள அந்தப் பள்ளத்தை யார் பணத்தில் தாண்டுவது?

---

வரிப்பணம் எழுதியது:

> யார் பணத்தில் தாண்டுவது?

லாபம் பார்க்கிறவர் பணத்தில். நான் பொருளாதாரம் படித்தவன், ஆலை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஆற்றலை மிச்சப்படுத்தினால் அது நேராக ஆலையின் லாபத்தில் சேர்கிறது. மாசு குறைப்பது போல அல்ல, இதில் பலன் செலவழித்தவர் கைக்கே வருகிறது. பிறகு ஏன் பொதுப் பணம்?

தேடிப் பார்த்ததில் கிடைத்தவையும் இதையே சொல்கின்றன. ஈஸ்ட்மன் நிறுவனம் 1980-களில் மெத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானின் தயாரிப்பை ஒரே கோபுரத்துக்குள் கொண்டுவந்தது. வினையும் பிரிப்பும் ஒரே இடத்தில். பழைய முறையோடு பார்த்தால் முதலீடும் ஐந்தில் ஒரு பங்கு, ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்கு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் வேதி நிறுவனம் பிஏஎஸ்எஃப் 1985-ல் நடுவில் சுவர் வைத்த கோபுரத்தைத் தன் லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையில் ஓடவிட்டது. பிஏஎஸ்எஃப்பும் அமெரிக்காவின் டவ் நிறுவனமும் சேர்ந்து 2008-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு வழியாக புரோப்பிலீன் ஆக்சைடு எடுக்கும் ஆலையைத் தொடங்கின, ஆற்றல் 35 சதவீதம் குறைவு என்றார்கள். செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் இது. இதே கேள்வி கேட்கும் பலருக்குப் பதில் தேவைப்படுகிறது, அதனால்தான் அழுத்திக் கேட்கிறேன்.

---

ரிஃப்ளக்ஸ் எழுதியது:

நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன உதாரணத்திலிருந்தே வருகிறேன்.

சுவர் வைத்த கோபுரத்துக்கான காப்புரிமை 1949-லேயே வந்துவிட்டது. முதல் ஆலை 1985. முப்பத்தாறு வருடம். யோசனை எளிது. மூன்று பொருளைப் பிரிக்க இரண்டு கோபுரம் வேண்டிய இடத்தில், ஒரே கோபுரத்துக்குள் செங்குத்தாக ஒரு தகடு. ஆற்றலில் சுமார் 30 சதவீதம் மிச்சம். அப்படியிருந்தும் முப்பத்தாறு வருடம் யாரும் தொடவில்லை. தகட்டின் இரு பக்கமும் ஆவி எப்படிப் பங்காகும், ஒரு பக்கம் தடுமாறினால் எப்படிச் சரிக்கட்டுவது என்று கையில் செய்து பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு கோபுரம் இருந்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது ஓடும். ஒன்றாக்கிவிட்டால் அது நின்றால் எல்லாம் நிற்கும். கொதிக்க வைக்கும் நீராவியில் மிச்சமாவதைவிட ஒரு நாள் உற்பத்தி நின்றால் வரும் நட்டம் பெரிது. ஆலை மேலாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் கையெழுத்துப் போட யோசிப்பேன்.

இன்னொன்று. லாபம் முழுவதும் செலவழித்தவருக்கே வரும் என்பது சரியல்ல. முதல் ஆள் எல்லாத் தவறையும் செய்து கற்கிறார். இரண்டாவது ஆள் அந்தப் பாடத்தை இலவசமாக வாங்கிக்கொள்கிறார். அதனால் எல்லோருக்கும் இரண்டாவது ஆளாக இருக்கத்தான் விருப்பம். சிக்கனத் திட்டம் என்றால் இரண்டு மூன்று வருடத்தில் முதல் திரும்ப வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆலையின் ஆயுளோ முப்பது நாற்பது வருடம். இந்த இடைவெளிக்குள் நல்ல யோசனைகள் எத்தனையோ செத்திருக்கின்றன. நானே வரைந்து கொடுத்து, அலமாரிக்குப் போனவை மூன்று.

---

வெள்ளி_சவ்வு எழுதியது:

நான் சவ்வு ஆராய்ச்சியில் இருக்கிறேன். ரிஃப்ளக்ஸ் சார் சொன்ன அதே புரோப்பிலீன், புரோப்பேன் பிரிப்புதான் என் முனைவர் பட்ட வேலை. அதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி அயனி புரோப்பிலீனின் இரட்டைப் பிணைப்பைப் பிடித்துக் கைமாற்றிக் கடத்தும், புரோப்பேனை விட்டுவிடும். வெள்ளி உப்பு ஏற்றிய பாலிமர் இழைகளைக் கட்டுக்கட்டாக ஒரு எஃகுக் குழாய்க்குள் வைப்போம். கொதிக்க வைக்கும் வேலையே இல்லை. ஆய்வகத்தில் மாதக்கணக்கில் அசையாமல் ஓடியது. கட்டுரை வந்தது, பாராட்டும் வந்தது. பிறகு ஒரு ஆலை தன் வேலி ஓரத்தில் இடம் கொடுத்து, அங்கே கொண்டுபோய் வைத்தோம்.

மூன்றாவது வாரத்தில் பிரிக்கும் திறன் பாதிக்குக் கீழே போய்விட்டது. அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம், ஈரப்பதம் ஏற்றிப் பார்த்தோம். கடைசியில் குழாயைக் கழற்றி இழைகளை வெளியே இழுத்தபோது என் கை நடுங்கியது. போட்டபோது பால்வெள்ளையாக இருந்தவை, வாயு நுழையும் முனையில் கரிக்கோடு போட்டாற்போல் கருத்திருந்தன. உள்ளே போகப்போகப் பழுப்பு, மறுமுனையில் இன்னும் வெள்ளை. கந்தகம் எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளக்கலாம் போல இருந்தது. ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தியது சிலிண்டர் வாயு. ஆலை வாயுவில் துளித் துளியாக ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், ஹைட்ரஜன் இருக்கும், அசிட்டிலீன் இருக்கும். முதலாவது வெள்ளியைக் கறுப்பாக்கும், இரண்டாவது அயனியை உலோகமாக மாற்றிவிடும். மூன்றாவது வெள்ளியோடு சேர்ந்து உருவாக்குவது காய்ந்தால் வெடிக்கக்கூடியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஆனால் எவ்வளவு இருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்ற எண் எங்கும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மாநாட்டில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, "நாங்களும் இதையே பார்த்தோம், உங்களுக்குப் பத்து வருடம் முன்பு" என்றார். அரசு உதவியோடு நடந்த திட்டம் அது. அறிக்கை நிறுவனத்தின் ரகசியம் என்று பூட்டி வைத்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆராய்ச்சியில் மூன்று வருடம், ஏற்கெனவே ஒருவர் விழுந்த குழியில் மறுபடி விழுவதற்காகப் போயிருக்கிறது.

எந்தக் கட்டத்தில் பணம் போடுவது என்பது இரண்டாம் பட்சம். தோற்ற கதையை எழுதி வெளியே வைக்கச் சொல்லுங்கள். அதைத்தான் நான் கேட்பேன்.

---

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

நான் கன்ட்ரோல் ரூம்ல உட்காருற ஆள். இந்தப் பேச்சுல எங்க பக்கமும் கொஞ்சம் இருக்கட்டும்னு எழுதுறேன்.

சிக்கனம்னு பேப்பர்ல போடுற கணக்கு எல்லாம் நூறு சதவீத லோடுல, அதாவது முழு உற்பத்தியில போடுறது. வருஷத்துல எத்தனை நாள் நூறு ஓடுது? சந்தை மந்தமா இருந்தா அறுபதுக்கு இறக்கிடுவாங்க. அறுபதுக்கு இறக்குனா நீராவியும் அறுபதாகும்னு வெளிய இருக்குறவங்க நெனப்பாங்க. ஆகாது. ஆவி வேகம் ஒரு அளவுக்குக் கீழ போனா தட்டுல நிக்க வேண்டிய திரவம் ஓட்டை வழியா ஒழுக ஆரம்பிச்சிடும், அப்புறம் பிரிப்பே நடக்காது. அதனால பொருள் குறைஞ்சாலும் ரீபாய்லர்ல, அதான் கோபுரத்து அடியில கொதிக்க வைக்கிற இடத்துல, நீராவியைக் குறைக்காம வச்சிருப்போம். டன்னுக்கு எவ்வளவு நீராவின்னு அந்த நாள்ல கணக்குப் போட்டா கண்ணைக் கட்டும்.

எங்க ஆலையிலயும் ஒரு சோதனை யூனிட் கொண்டாந்து வச்சாங்க. நல்ல பசங்க, ராப்பகலா உழைச்சாங்க. ஆனா அவங்க யூனிட்டுக்குப் போற நீராவிக்குத் தனி மீட்டர் இல்ல. எங்க மெயின் லைன்ல ஓட்டத்தை அளக்க இருந்த ஆரிஃபிஸ் மீட்டரை வச்சே கணக்குப் போட்டாங்க. அந்த மீட்டர் ரேஞ்சுல இவங்க இழுக்குற நீராவி முள் அசையற அளவுகூட இல்ல. கடைசியில வந்த சேமிப்பு எண் அளந்து வந்ததா, மதிப்பிட்டு வந்ததான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

---

பேரேடு எழுதியது:

நான் இப்படிப்பட்ட திட்டங்களின் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் பணியில் இருந்தவன். ‘அரசு பாதி, தனியார் பாதி’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் பொது விதியாக, ஆராய்ச்சி, வளர்ச்சித் திட்டத்துக்கு 20 சதவீதமும், பெரிய அளவில் ஓட்டிக் காட்டும் செயல்விளக்கத் திட்டத்துக்கு 50 சதவீதமும் அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் அரசு தரக்கூடிய உதவி அடிப்படை ஆய்வுக்கு 100 சதவீதம் வரை, தொழில் ஆய்வுக்கு 50, சோதனை வளர்ச்சிக்கு 25. சிறு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. இரண்டு இடத்திலும் எண்ணம் ஒன்றே: சந்தையை நெருங்க நெருங்கத் தனியார் தோளில் பாரம் கூட வேண்டும்.

ஆனால் தனியார் பங்கு பெரும்பாலும் ரொக்கமாக வருவதில்லை. ஆள் நேரமாக வரும், இடமாக வரும், கருவியாக வரும். நான் பார்த்த ஒரு கோப்பில், ஒரு நிறுவனம் தன் பங்காகக் காட்டிய வினைகலன் பன்னிரண்டு வருடமாகக் கிடங்கில் கிடந்தது. புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் கணக்கு எழுதியிருந்தார்கள். திருட்டு என்று சொல்ல முடியாது, விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் ரொக்கம் போடாதவருக்குத் திட்டத்தின் முடிவில் அக்கறை குறைவாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வெள்ளி_சவ்வு கேட்டதற்கு விதியிலேயே ஒரு பிடி இருக்கிறது. ஐரோப்பிய விதியில், முடிவுகளை மாநாடு, வெளியீடு, திறந்த களஞ்சியம் வழியாகப் பரவலாக வெளியிட்டால் உதவி 15 சதவீதப் புள்ளி கூடும். ஆக, அறிவைப் பொதுவில் வைப்பதற்கு விலை வைத்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது.

---

ரிஃப்ளக்ஸ் எழுதியது:

பேரேடு ஐயா, அந்த 15 புள்ளி எனக்குத் தெரியாத செய்தி, குறிப்பில் சேர்த்துவிட்டேன். ஆனால் மாநாட்டில் இருபது நிமிடம் படம் காட்டினாலும் அது வெளியீடுதானே? வென்ற வரைபடம் மட்டும் வரும். கருத்துப்போன இழை வராது.

இரவு_ஷிஃப்ட் அண்ணா, உங்கள் மீட்டர் கதை என் நெஞ்சில் தைத்தது. அப்படிப்பட்ட எண்களை நம்பி நானும் வடிவமைத்திருக்கிறேன்.

---

வரிப்பணம் எழுதியது:

சவ்வு ஆய்வாளர் எழுதியதைப் படித்தபின் என் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அறிவு பொதுவானால் பணமும் பொதுவாகலாம். ஆனால் பெரிய செயல்விளக்கங்களில் இந்த வாதம் நிற்குமா? லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப், சாபிக், லிண்டே மூன்றும் சேர்ந்து மின்சாரத்தில் சூடேற்றும் கிராக்கர் உலை (ஹைட்ரோகார்பனை உடைத்து எத்திலீன் போன்றவை எடுக்கும் உலை) கட்டின. 2024 ஏப்ரலில் திறந்தார்கள். ஜெர்மன் அரசு 1.48 கோடி யூரோ கொடுத்தது. மூன்றும் உலகப் பெரு நிறுவனங்கள். அவர்களுக்கா இந்தத் தொகை இல்லை?

---

ரிஃப்ளக்ஸ் எழுதியது:

தொகை இருக்கிறது. துணிவதற்குக் காரணம்தான் வேண்டும். கிராக்கர் உலையில் குழாய்க்குள் ஹைட்ரோகார்பன் சுமார் 850 டிகிரி வரை சூடாகிறது, வெளியே எரிவாயுச் சுவாலை. நூறு வருட அனுபவமும் சுவாலையோடுதான். அந்த இடத்தில் மின்சாரத்தை வைக்கும்போது குழாயின் உலோகம் வருடக்கணக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு உலை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் மின்னோட்டம் நேரே குழாயிலேயே பாய்கிறது, மற்றதில் சுற்றியுள்ள சூடேற்றிகளின் வெப்பக்கதிர் குழாயைச் சுடுகிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கு சுமார் 4 டன் கையாள்கின்றன, 6 மெகாவாட் மின்சாரம். பெரிய ஆலையோடு பார்த்தால் குழந்தை. இரண்டு வழியில் எது தாங்குகிறது என்பது உலகத்தில் கிராக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் வேண்டிய பதில். அதற்கு அரசு பங்கு போட்டது தவறில்லை என்றே நினைக்கிறேன். போட்ட அரசு அந்தப் பதிலைக் கேட்டு வாங்கும் உரிமையையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுப் பணத்தின் இன்னொரு நோய் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2024 மார்ச்சில் தொழில்துறைக் கார்பன் குறைப்புக்கு 33 திட்டங்களைத் தேர்ந்து 600 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. 2025 மே மாதம், 370 கோடி டாலருக்கு மேற்பட்ட 24 ஒப்பளிப்புகளை ரத்து செய்தது. அவற்றில் வேதி ஆலைகளும் இருந்தன. ஆலை முதலீடு ஐந்து, பத்து வருடக் கணக்கில் நடப்பது. வருடத்துக்கு ஒரு பேச்சு பேசும் கூட்டாளியை நம்பி யார் உலை கட்டுவார்கள்? அளவில் சிறியதானாலும் நிலைத்து நிற்கும் நிதி மேல். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் வேதிச் செயல்முறைகளுக்காக அறிவித்த ராபிட் என்ற கூட்டு ஆய்வு நிறுவனம் ஐந்து வருடத்துக்கு 7 கோடி டாலர், உறுப்பினர்கள் அதற்கு ஈடாகப் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித் தொடங்கியது. ஐரோப்பாவின் ஸ்பைர், அதன் பின் 2021-ல் வந்த புராசஸஸ் ஃபார் பிளானட் என்ற அரசு, தொழில்துறைக் கூட்டு ஆய்வு முயற்சிகள், இவையும் பல வருடத் திட்டத்தோடுதான் வந்தன.

---

வினையூக்கி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லா ரசாயனத்துக்கும் ஒரே சட்டம் வேண்டாம். சர்வதேச எரிசக்தி முகமையும் தொழில் அமைப்புகளும் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கை, வெறும் 18 பொருள்களே வேதித் தொழிலின் ஆற்றல் தேவையில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்றது. அவற்றில் அம்மோனியா பெரியது, உலக ஆற்றல் நுகர்வில் சுமார் 2 சதவீதம். ஆனால் இயற்கை எரிவாயுவில் ஓடும் நல்ல அம்மோனியா ஆலை டன்னுக்கு சுமார் 28 கிகாஜூலில் ஓடுகிறது. நூறு வருடம் பிழிந்தாகிவிட்டது, அந்தப் பாதையில் இனிச் சாறு குறைவு. அங்கே வேண்டியது புது வழி, அது இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது, அதற்கு அரசு முழுப் பணமும் போட வேண்டும். பிரித்தெடுப்பில் அறிவு ஓரளவு இருக்கிறது, அங்கே பைலட். ரிஃப்ளக்ஸ் சாரின் குறிப்பில் இந்த வேறுபாடு வர வேண்டும்.

---

வெள்ளி_சவ்வு எழுதியது:

நிபந்தனையாக என்ன எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தேன். செய்முறை ரகசியம் எதையும் கேட்க வேண்டாம், கேட்டால் யாரும் சேர மாட்டார்கள். இழை எப்படிச் செய்தீர்கள் என்பது அவர்களுடையது. உள்ளே வந்த வாயுவில் என்னென்ன மாசு எவ்வளவு இருந்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, திறன் எப்படி இறங்கியது, கழற்றியபோது எப்படி இருந்தது. இவ்வளவு போதும். எனக்கு அன்று இது கிடைத்திருந்தால் சவ்வுக்கு முன்னால் ஒரு கந்தக உறிஞ்சி வைப்பதில்தான் ஆராய்ச்சியைத் தொடங்கியிருப்பேன்.

---

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

எத்தனை தடவை நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, திரும்ப ஓட வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு. இதையும் சேருங்க தம்பி. ஷிஃப்ட் லாக் புக்ல இது எல்லாம் இருக்கும், யாரும் கேக்குறதில்ல. லோடு குறைஞ்சப்ப எடுத்த எண்ணும் தனியா வேணும்.

---

பேரேடு எழுதியது:

நிபந்தனை எழுதினால் மட்டும் போதாது. பணத்தோடு கட்ட வேண்டும். திட்டம் முடிந்தபின் அறிக்கை கேட்டு நான் அனுப்பிய நினைவூட்டல்களுக்கு எண்ணிக்கை இல்லை. பணம் முழுவதும் கைக்குப் போனபின் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. கடைசித் தவணையாக ஒரு பங்கை நிறுத்தி வைத்து, அளவீட்டுக் கோப்பு களஞ்சியத்தில் ஏறிய பிறகே விடுவிக்க வேண்டும். தோற்ற திட்டத்துக்கும் அதே தவணை முழுதாகக் கிடைக்க வேண்டும். தோல்வியை எழுதினால் பணம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

தனியார் பங்கில் குறிப்பிட்ட பகுதி ரொக்கமாக வர வேண்டும் என்பதையும் சேருங்கள்.

---

வரிப்பணம் எழுதியது:

தோற்றவருக்கும் முழுத் தவணை என்பதை என் நண்பர்களிடம் விளக்குவது கடினம், ஆனால் விளக்குவேன். பெருநிறுவனத்துக்கு உதவி என்பதில் இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. செயல்விளக்கக் கட்டத்தில் கொடுப்பது மானியமாக இல்லாமல், வென்றால் திருப்பித் தரும் கடனாக இருக்கலாமே?

---

ரிஃப்ளக்ஸ் எழுதியது:

இருக்கலாம். பைலட்டுக்கு மானியம், முதல் ஆலைக்கு வென்றால் திருப்பும் கடன் என்று எழுதுகிறேன். ஆய்வகப் பங்கை வினையூக்கி சொன்னபடி அம்மோனியா போன்றவற்றுக்குத் தனியாகப் பிரிக்கிறேன். வரைவை வெள்ளிக்கிழமை இங்கேயே போடுகிறேன்.

இரவு_ஷிஃப்ட் அண்ணா, ஒரு உதவி. சோதனை யூனிட்டுக்கு நீராவித் தனி மீட்டர் கட்டாயம் என்று ஒரு வரி எழுதப் போகிறேன். எந்த இடத்தில் வைப்பது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் ஏமாற்ற முடியாது. நீங்கள் எங்கே வைப்பீர்கள்?

---

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

நீராவி யூனிட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, அந்தச் சின்ன ஓட்டத்துக்குத் தகுந்த ரேஞ்சுல ஒண்ணு. அதுக்கு முன்னாடி நேர் குழாய் போதுமான நீளம் விடச் சொல்லுங்க, வளைவுக்குப் பக்கத்துல வச்சா எண் பொய் சொல்லும். அதோட ரீபாய்லர்ல இருந்து திரும்பற கண்டென்சேட்டை, அதான் நீராவி குளிர்ந்த தண்ணியை, ஒரு தொட்டியில பிடிச்சு, ஷிஃப்டுக்கு ஒரு தடவை நேரம் பார்த்து எடை போடச் சொல்லுங்க. மீட்டர் தப்பினாலும் அந்தத் தொட்டி தப்பாது. நாங்க எழுதித் தர்றோம்.